தம்பியிடம் வேலைக்கு நிற்பவள்

சுவிஸின் வில் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், முன்பு இறைச்சிக்கடையாக இருந்த ஒரு கீழ்த்தளத்தில் இரவீந்திரனின் சமையலறை இருக்கிறது. சுவர் முழுக்க வெள்ளை ஓடு. இறைச்சி தொங்கிய கொக்கிகளைக் கழற்றக் கட்டடச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. ஆகவே அவற்றில் இப்போது அகப்பைகளும் வடிதட்டுகளும் தொங்குகின்றன. எந்தக் கொக்கியில் எது தொங்க வேண்டும் என்று முடிவு செய்தது இரவீந்திரன் அல்ல, அவனுடைய அக்கா சிவமலர். பெரிய அகப்பையின் இடத்தில் சின்ன அகப்பை தொங்கினால், கையைத் துடைத்துக்கொண்டு போய் அதை மாற்றி மாட்டாமல் அவளுக்கு அடுத்த வேலை ஓடாது.

கறி வைத்துப் பொரிக்கிற ரோல்ஸ் சுற்றுவதிலும் அப்படித்தான். ஓரத்தை மாப்பசையால் ஒட்டி, விரலால் ஒருமுறை நீவி, மடிப்பு கீழே வரும்படி தட்டில் அடுக்குவாள். எண்ணெய்க்குள் வாய் திறந்துவிட்ட ரோல் ஒருநாளும் வாடிக்கையாளரிடம் போகாது. அவளுடைய கணவர் சண்முகநாதனின் தட்டுக்குத்தான் போகும். "கலியாணம் கட்டினதிலை இருந்து வாய் மூடின ரோல் ஒண்டை நான் கண்டதில்லை" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

சிவமலர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தகப்பன் இறந்த வருடம் அது. தாய் கூலிக்குப் போக, நடை பழகிக்கொண்டிருந்த தம்பியைப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பிறகு கலியாணம், கணவருக்குப் பின்னால் சுவிஸ், வில்லில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் ஆலையில் வேலை. டொச் என்கிற ஜெர்மன் மொழியை அந்த ஆலையில்தான், மெஷின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திப் பழகினாள். இலக்கணம் கிடையாது, ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் விடமாட்டாள்.

தம்பி பின்னால் வந்தான். அகதி முகாமில் இருந்தான். பிறகு பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவினான். கழுவுகிற தொட்டியில் இருந்து மரக்கறி வெட்டுகிற மேசைக்கும், மேசையில் இருந்து அடுப்புக்கும் நகர அவனுக்கு நெடுங்காலம் எடுத்தது. வேலை முடித்த களைப்போடு பாடம் படித்து, உணவகம் நடத்துவதற்கான சோதனையிலும் சித்தியடைந்தான். அந்தச் செய்தியைச் சிவமலர் டெலிபோனில் சொல்லாத சொந்தக்காரர் சுவிசில் யாரும் இல்லை. ஆலை மூடப்பட்டு, அவள் ஒரு முதியோர் இல்லத்தில் காலைநேரத் துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில்தான், இரவீந்திரன் வில்லுக்கு வந்து அந்த இறைச்சிக்கடையை வாடகைக்கு எடுத்தான்.

கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. அது நகரசபை கொடுத்த ஓடர். பருப்பில் உறைப்புப் போடாமல், கரட்டைச் சின்னதாக அரிந்து, மூடி போட்ட பெட்டிகளில் அனுப்ப வேண்டும். கடையின் வாடகையும், மதுஜா என்ற ஒரே வேலையாளின் சம்பளமும் அந்த ஓடரில்தான் நின்றன. சனி ஞாயிறுகளில் பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு என்று தமிழ் ஆட்களின் ஓடர்கள் வரும்.

சிவமலரை யாரும் வரச் சொல்லவில்லை. முதியோர் இல்லத்து வேலை முடிந்ததும் பஸ்ஸில் வந்து இறங்குவாள், ஏப்ரனைக் கட்டுவாள், கடைசிச் சட்டி கழுவிக் காய்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போவாள். சனி ஞாயிறும் வருவாள். தொடக்கத்தில் இரவீந்திரன் கையில் ஏதாவது கொடுக்கப் பார்த்தான்.

"என்ன, அக்காவுக்குக் கூலியோ?" என்று கேட்டாள் சிவமலர். அவன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகள் வான் வண்டியில் ஏறிப் போன பிறகு, வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். மாநிலத் தொழில் திணைக்களத்துப் பெண் ஒருத்தியும், அவளோடு ஓர் இளம் உத்தியோகத்தனும். கொன்ரோல், சோதனைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி அட்டையைக் காட்டினார்கள். இரவீந்திரன் அவர்களை மரியாதையாக உள்ளே அழைத்தான். மதுஜாவின் பத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்தப் பெண் திருப்தியோடு தலையை ஆட்டினாள். பிறகு, மேசை முனையில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த சிவமலரிடம் வந்தாள்.

"நீங்களும் இங்கே வேலை செய்கிறீர்களா?"

இரவீந்திரன் பதில் சொல்ல வாய் திறந்தான். தனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சிவமலர் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். தன் டொச்சிலேயே சொன்னாள்.

"வேலையோ? இல்லை. இது என்ரை தம்பி."

"அப்படியானால், எப்போதாவது உதவிக்கு வருவீர்கள்."

அந்த 'எப்போதாவது' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தம்பியின் கடைக்கு எப்போதாவது எட்டிப் பார்க்கிற அக்காவா அவள்?

"எப்பவாவது இல்லை. ஒவ்வொரு நாளும். காலமை முதியோர் இல்லத்திலை வேலை. அது முடிஞ்ச கையோடை இஞ்ச. கடைசிச் சட்டி காய்ஞ்சாப் பிறகுதான் வீடு."

"சனி, ஞாயிறு?"

"அண்டைக்குத்தான் வேலை கூட."

"இடையில் ஓய்வு எடுப்பீர்களா?"

"நான் களைக்கிற ஆள் இல்லை. நிண்டுகொண்டே தேத்தண்ணி குடிப்பன்."

அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் இரவீந்திரன் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வேண்டாம், வேண்டாம் என்று. சிவமலர் அதைப் பார்த்தாள். தன்னைப் புகழ்வதைக் கேட்க அவனுக்குக் கூச்சம் என்று நினைத்தாள்.

"சின்னனிலை இருந்தே இவன் இப்பிடித்தான்" என்றாள். "கூச்சம் கூட."

"சம்பளம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

சிவமலர் சிரித்துவிட்டாள். "ஒரு சதம் வாங்கினதில்லை. கடை திறந்த நாளிலை இருந்து. வேணுமெண்டால் அவனைக் கேட்டுப் பாருங்கோ."

இளம் உத்தியோகத்தன் எழுதி முடிக்கும்வரை அந்தப் பெண் காத்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒருவித வருத்தம்தான் இருந்தது. இரவீந்திரனிடம் தனியாக நாலு வார்த்தை பேசிவிட்டு, சிவமலருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தான் எல்லாவற்றையும் நன்றாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு, சிவமலர் அடுத்த ரோலை எடுத்தாள்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அன்று மாலை இரவீந்திரன் தன் மகள் யதுஷாவையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். யதுஷா சங்க்ட் காலனில் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவள். இந்த விஷயங்கள் தெரிந்தவள். சண்முகநாதன் தேநீர் போட எழுந்தார். எப்போதும் அவருடைய தேநீரை வேண்டாம் என்பவர்கள் அன்று தடுக்காததில் இருந்தே நிலைமை சரியில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"மாமி," என்றாள் யதுஷா, "ஒருநாள் வந்து கை குடுத்தால் அது உதவி. ஒவ்வொரு நாளும் வந்தால் அது வேலை. சட்டம் அப்பிடித்தான் பார்க்கும். வேலை எண்டால் கொன்ராக்ட் வேணும், இன்சூரன்ஸ் வேணும், இடையிலை இருந்து ஆறப் பவுஸ வேணும், கிழமையிலை வேலையில்லாத ஃப்ரை நாள் வேணும். உங்கட மற்ற வேலையையும் சேர்த்துத்தான் நேரம் பார்ப்பினம்."

"நான் வெளியாளோ? நான் குடும்பம்."

யதுஷா தகப்பனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடும்பத்துக்கு விதிவிலக்கு இருக்கு மாமி. பெஞ்சாதி, தாய் தகப்பன், பிள்ளையள். கூடப்பிறந்த ஆக்கள் அதுக்குள்ளை வரமாட்டினம்."

"அப்ப நீ போய் அங்க நிண்டால்?"

"நான் நிக்கலாம். நான் மகள்."

சிவமலர் யதுஷாவின் கைகளைப் பார்த்தாள். ஒருமுறைகூட ஒரு ரோல் சுற்றாத பிள்ளை நிற்கலாம். அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நிற்கக் கூடாது.

"இந்தச் சட்டத்தை எழுதினவைக்கு அக்கா தங்கச்சி இல்லையோ?" என்றாள்.

"இருந்திருக்கும்," என்றார் சண்முகநாதன் தேநீரை வைத்தபடி. "அதுதான் கவனமா எழுதியிருக்கினம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இரவீந்திரன்தான் மிச்சத்தைச் சொன்னான். ஒரு தவணை தந்திருக்கிறார்கள். அதற்குள் அக்காவை முறையாக வேலைக்குப் பதிந்து, விட்ட காப்புறுதிகளையும் கட்டினால், பிழையை எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் விஷயம் மேலே போகும். பதியாமல் ஆள் வைத்த கடைக்கு அரசாங்க ஓடர் கொடுக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. பள்ளிக்கூடச் சாப்பாடு போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"கையெழுத்து ஒண்டு வையுங்கோ அக்கா. அவ்வளவுதான்."

"எதுக்கு? நான் உன்ரை வேலைக்காரி எண்டோ?"

"கடதாசியிலைதானே."

"கடதாசியிலை எழுதினதை ஆக்கள் வாசிப்பினம். அக்காவைச் சம்பளத்துக்கு வச்சிருக்கிறான் எண்டு ஊர் கதைக்கும். உனக்கு அது கேவலம். எனக்கும்."

இரவீந்திரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெல்லத்தான் சொன்னான். "அப்ப வராதேங்கோ அக்கா."

பிறந்த நாளில் இருந்து அவன் அவளிடம் சொல்லாத சொல் அது. சிவமலர் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஏப்ரனை எடுத்தாள். அதைத் துவைக்கத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். நாலாக மடித்து, ஓரங்களைச் சரிபார்த்து, அவன் முன்னால் வைத்தாள்.

அதன் பிறகு அவள் போகவில்லை. முதியோர் இல்லத்து வேலை முடிந்து பஸ் ஏறுவாள். சமையலறைக்குப் போக இறங்கும் தரிப்பிடம் வரும்போது மற்றப் பக்க ஜன்னலைப் பார்ப்பாள். வீட்டில் அலுமாரித் தட்டுகளை எல்லாம் இறக்கித் துடைத்து ஏற்றினாள். முடிந்ததும் மறுபடி இறக்கினாள்.

"அலுமாரிக்கும் ஒரு ஃப்ரை நாள் குடும்," என்றார் சண்முகநாதன்.

அவள் அடுத்த தட்டை இறக்கினாள். தவணை கரைந்துகொண்டிருந்தது. அக்கா வருவதை நிறுத்திவிட்டாள் என்று எழுதினால் மட்டும் போதாது, வந்து நின்ற காலத்துக்கும் அவள் கையெழுத்து வேண்டும் என்று திணைக்களம் சொல்லிவிட்டதாக யதுஷா டெலிபோனில் சொன்னாள். இரவீந்திரன் அவளுக்கு டெலிபோன் எடுக்கவேயில்லை. அவன் எடுத்துக் கெஞ்சியிருந்தால், முடியாது என்று சொல்லியாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மதுஜா வந்தாள். கையில் ஒரு பெட்டி ரோல்ஸ். முப்பது வயது தாண்டியவள். கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, கடை திறந்த நாளில் இருந்து அங்கேயே நிற்பவள். சிவமலர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பாதிக்கு மேல் வாய் திறந்திருந்தன.

"ஆர் சுத்தினது?"

"ரவி அண்ணை."

"இதை ஆருக்கும் குடுக்கேல்லையே?"

"இல்லை. அண்ணையே சாப்பிடுறார்."

சண்முகநாதன் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "அப்ப எனக்கொரு கூட்டாளி கிடைச்சிட்டுது."

மதுஜா கதிரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். இறுக்கமான தடித்த காலுறை, முழங்கால்வரை. குளிருக்குப் போடுகிறாள் என்றுதான் சிவமலர் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இது கோடை தொடங்கிவிட்ட காலம்.

"என்ன பிள்ளை இது, இந்த வெக்கையிலை?"

"நரம்பு வீங்கியிருக்கு அக்கா. டொக்டர் போடச் சொன்னவர். நெடுக நிக்கக் கூடாதாம்."

"அப்ப இருக்கிறதுதானே. பவுஸ இருக்கெல்லோ உனக்கு. கொன்ராக்டிலை இருக்கு."

மதுஜா பெட்டி மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இருக்குத்தான். ரவி அண்ணை இரு எண்டுதான் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமையும் நேரத்துக்குப் போ எண்டுதான் சொல்லுவார். ஆனால் நீங்கள் நிக்கிறியள். சம்பளம் வாங்காத ஆள் நிண்டுகொண்டு தேத்தண்ணி குடிக்கேக்குள்ளை, சம்பளம் வாங்கிற நான் என்னண்டு அக்கா கதிரையை இழுக்கிறது? நீங்கள் ஒண்டும் சொல்ல மாட்டியள். ஆனால் எனக்கு ஏலாது."

சிவமலர் அந்தக் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க்குள் கிடக்கும் ரோலில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. பக்கத்தில், அதே மேசையில், கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற ஒருத்தியை அந்தக் கண் காணவில்லை.

ஆலையில் நடந்த ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. இத்தாலிக்காரி ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். மேஸ்திரியிடம் நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டு, மணி அடித்த பிறகும் மெஷினை நிறுத்தாமல் நின்றாள். பெண்கள் எல்லோரும் போய் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ இன்றைக்கு நின்றால் நாளைக்கு எங்களையும் நிற்கச் சொல்வார்கள் என்று உடைந்த டொச்சில் முதலில் சொன்னது சிவமலர்தான். மெஷினின் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் அவள்தான். அந்த மணியும் பொத்தானும் முதலாளிமார் இருக்கிற இடத்துக்கு உரியவை என்றே அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். தம்பி இருக்கிற இடத்துக்கும் அவை தேவைப்படும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"உன்னை ரவி அனுப்பினவனோ?" என்று கேட்டாள்.

"இல்லை. நான் இஞ்ச வந்ததே அவருக்குத் தெரியாது. கடை பூட்டுப்பட்டால் நான் எங்கையக்கா போறது?"

திங்கட்கிழமை சிவமலர் சரியான தரிப்பிடத்தில் இறங்கினாள். உள்ளே போனதும் கொக்கிகளைப் பார்த்தாள். பெரிய அகப்பை சின்ன அகப்பையின் இடத்தில் தொங்கியது. அதைத் தொடாமல் தம்பியிடம் போனாள்.

"எங்க அந்தக் கடதாசி?"

இரவீந்திரன் கையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினான். "அக்கா, நான் சொன்னது—"

"சொன்னதை விடு. கொண்டா."

அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். விளங்காத சொற்களை அவனிடம் கேட்டாள். விளங்கின சொற்களையும் ஒருமுறை கேட்டாள். இரண்டு வேலையின் நேரமும் சேர்ந்து அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதால், கிழமையில் பாதி நாட்களுக்குத்தான் அவள் வரலாம். "மூன்று மாதம் பரீட்சைக் காலம்" என்ற வரியில் விரலை வைத்தாள்.

"இது என்ன?"

"எல்லாருக்கும் போடுறது அக்கா."

"என்னை நீ பரீட்சை பார்க்கப் போறாய்."

"சட்டம் அப்பிடி—"

"மதுஜாவுக்கும் போட்டனியோ?"

"ஓம்."

"அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள். பிறகுதான் போய் அகப்பையை மாற்றி மாட்டினாள். தேநீர் நேரம் வந்தபோது அவளே ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து பழக்கமில்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மதுஜா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, தானும் மற்றக் கதிரையை இழுத்தாள்.

பிழையை எழுதிக்கொண்டு திணைக்களம் விஷயத்தை மூடியது. பள்ளிக்கூட ஓடர் தப்பியது. ஆனால் கடை முந்தியதுபோல இல்லை. சிவமலரின் இரண்டு கைகள் சும்மா செய்த வேலைக்கு இப்போது அரைநாள் ஆள் ஒருவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ரோல்ஸின் விலை ஏறியது. சில வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்தார்கள். கிழமை முழுக்க வேலை செய்தவர்களை ஞாயிறும் நிறுத்த முடியாது என்பதால், பெரிய ஓடர்கள் பலவற்றை இரவீந்திரன் வேண்டாம் என்று சொன்னான். அப்படிச் சொல்லிவிட்டு டெலிபோனை வைக்கும்போது அவன் முகம் வாடியிருக்கும். சிவமலர் பார்த்தும் பாராததுபோல மாவைப் பிசைவாள். இந்த வாட்டத்தை அவள் கைகள்தான் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேண்டாம் என்று சொன்ன ஓடர்களில் ஒன்று கஜலக்சுமியுடையது. விந்தர்தூரில் இருப்பவள், சண்முகநாதனின் தங்கை. மகளின் சாமத்திய வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் சிவமலரின் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தாள்.

"மச்சாள், உங்கட தம்பி பெரிய ஆளாகிட்டார். சொந்தக்காரருக்கே ஏலாதாம்."

"ஞாயிறு எண்டால் ஆக்கள் இல்லை, கஜா."

"நீங்கள் இருக்கிறியளே. நீங்கள் வளர்த்த பிள்ளை. ஒரு வார்த்தை சொன்னால் தட்டுவாரோ?"

"நான் சொல்ல மாட்டன்."

கஜலக்சுமியின் குரல் தணிந்து வந்தது. "ஒரு கதை அடிபடுது மச்சாள். நான் நம்பேல்லை. உங்களை அவர் சம்பளத்துக்கு வச்சிருக்கிறாராம் எண்டு. உண்மையோ?"

சிவமலர் பயந்திருந்த சொல் அதுதான்; அவள் நினைத்திருந்தபடியே, சொந்தத்துக்குள் இருந்தே வந்தது. டெலிபோனைக் காதோடு பிடித்தபடி அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"உண்மைதான்," என்றாள். "என்ரை தம்பி முதலாளி. நான் அவனிட்டை வேலை செய்யிறன். பரீட்சைக் காலம் போன கிழமைதான் முடிஞ்சது, பாஸ் பண்ணிட்டன். வேறை ஒரு ஞாயிறை முன்கூட்டிச் சொல்லுங்கோ, ஆக்களுக்கு மாத்து நாள் குடுத்துச் செய்வான். நாளைக்குக் கடைக்கு எடுங்கோ. இண்டைக்கு எனக்கு ஃப்ரை."

டெலிபோனை வைத்தபோது சண்முகநாதன் கதவடியில் நின்றார். முழுவதையும் கேட்டிருந்தார்.

"என்ரை தங்கச்சிக்கு நல்லாக் குடுத்தீர்," என்றார். "அது சரி, ஃப்ரை எண்டால் இஞ்ச தேத்தண்ணி ஆர் போடுறது?"

"நீங்கள் குடும்பம்தானே," என்றாள் சிவமலர். "உங்களுக்குச் சட்டம் இல்லை."

அவர் போய் அடுப்பில் கேத்திலை வைத்தார். சிவமலர் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.